வேலையை இப்போதே விட்டுவிடாதே

அன்பின் மகளுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீ அனுப்பிய கல்லூரி விவரங்களைப் படித்துவிட்டேன். பண்பாடு கடந்த ஊழியத்தில் முதுகலை படிக்க வேண்டும் என்ற உன் ஆசையில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வளாகத்தில் தங்கிப் படிப்பதா, இருந்த இடத்திலிருந்தே விரிவாக்கப் படிப்பாகச் செய்வதா, களப் பாடம் அதிகமுள்ளதை எடுப்பதா என்றுதானே கேட்டாய்? சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மருத்துவமனை வேலையை இப்போதே விடாதே. விரிவாக்கத்தில் தொடங்கு. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் வளாகத்துக்குப் போ.

விரிவாக்கப் படிப்பு என்றால் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களுக்கானது என்று உன் சிநேகிதி சொன்னாளாம். அது தொடங்கிய கதை அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. 1963இல் குவாத்தமாலாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியில் ரால்ஃப் விண்டர், ராஸ் கின்ஸ்லர், ஜேம்ஸ் எமரி ஆகியோர் ஆரம்பித்தது அது. கிராமத்துச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் நடுவயதுக்காரர்கள். நிலம், பிழைப்பு, குடும்பம் எல்லாம் விட்டுவிட்டு விடுதிக்கு வர அவர்களால் முடியாது. வந்து படித்த இளைஞர்களோ ஊருக்குத் திரும்புவது அரிது. அதனால் கல்லூரியே அவர்களைத் தேடிப் போனது. வீட்டில் சுயமாகப் படிக்கப் பாடநூல், வாரம் ஒருமுறை ஆசிரியரோடு கூடிப் பேச ஒரு மையம், நடுவில் அவர்கள் ஏற்கெனவே செய்துவந்த ஊழியம். இந்தியாவில் 1971இல் டாஃப்டீ என்ற விரிவாக்க இறையியல் கல்வி அமைப்பு தொடங்கியதும் இதே வழியில்தான்.

இதில் உயிர்நாடி அந்த வாராந்தரக் கூடுகைதான். அது இல்லாமல் காணொளியைப் பார்த்துவிட்டு வினாத்தாளில் டிக் அடிப்பதை மட்டும் வைத்திருந்தால், அந்தக் கல்லூரி வேண்டாம். நீ அனுப்பியவற்றில் இரண்டாவதில் கூடுகை பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டுப் பார்.

நானும் வளாகத்தில் படித்தவன்தான், அதன் அருமை தெரியாமல் சொல்லவில்லை. நூலகமும், இரவு பத்து மணிக்கு விடுதி வராந்தாவில் நடக்கும் வாக்குவாதமும் வேறெங்கும் கிடைக்காது. மானிடவியல், மிஷன் வரலாறு, மொழி கற்கும் முறை இவற்றைத் தனியாக உட்கார்ந்து படிப்பதும் கஷ்டம். ஆனால் கேள்வியோடு போனால்தான் அங்கே விடை கிடைக்கும். உன் வார்டில் ஒரு தாய், குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததற்குக் கண்ணேறுதான் காரணம் என்கிறாள். மருந்தையும் வாங்கிக்கொள்கிறாள், மந்திரிக்கவும் போகிறாள். அவளிடம் என்ன பேசுவது என்று போன மாதம் கேட்டிருந்தாய். இந்தியாவில் மிஷனரியாக இருந்து, பிறகு அமெரிக்காவில் கற்பித்த பால் ஹீபர்ட் 1982இல் எழுதியது இதைத்தான். மேலே கடவுள், கீழே விஞ்ஞானம் என்று இரண்டு அடுக்கை மட்டும் படித்துவிட்டு வருகிற மிஷனரி, ஆவி, சூனியம், திருஷ்டி, ஜாதகம் என்று மக்கள் அன்றாடம் வாழ்கிற நடு அடுக்கைப் பார்ப்பதே இல்லை என்றார். அந்தத் தாயைப் பார்த்த பிறகு நீ ஹீபர்ட்டைப் படித்தால் சும்மா அடிக்கோடு போட்டுவிட்டு நகர மாட்டாய்.

களப் பாடத்தில்தான் கவனமாக இரு. இரண்டு வாரம் போய்ப் படம் எடுத்து வருவதற்கும் மதிப்பெண் தருகிற இடங்கள் உண்டு. எத்தனை மாதம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், யார் வீட்டில் தங்குவாய், அந்த ஊர் மொழியைப் படிக்க நேரம் ஒதுக்குகிறார்களா என்று கேள். எல்லாவற்றுக்கும் மேலாக, உன்னைப் பற்றிய மதிப்பீட்டை அந்த ஊர்ச் சபையார் எழுதுவார்களா என்று கேள். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம் நாட்டுப் போதகர் வேதநாயகம் அசரியா, மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அரங்கில் இருந்தவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. உன்னிடம் அப்படிப் பேசக்கூடிய ஒருவர் களத்தில் இருக்க வேண்டும்.

கள அறிக்கை எழுதும்போது ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவை நினைத்துக்கொள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இங்குள்ள தெய்வங்களைப் பற்றி விரிவாகக் கேட்டறிந்து 1713இல் ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்த அவருடைய மேலாளர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. நீ பார்த்ததை அப்படியே எழுதினால் உன் கல்லூரிக்காரர்களுக்கும் சில பக்கங்கள் பிடிக்காமல் போகலாம். போகட்டும்.

பட்டத்தின் அங்கீகாரத்தை மறக்காமல் பார். அங்கீகாரம் தருவது செராம்பூர் செனட்டா, ஏசியா தியாலஜிக்கல் அசோசியேஷனா, வேறு எதுவா? விரிவாக்கத்தில் எடுத்த பாடங்களை வளாகத்துக்குப் போகும்போது கணக்கில் சேர்த்துக்கொள்வார்களா என்பதை வாய்வார்த்தையாக அல்ல, எழுத்தில் வாங்கு. பிற்பாடு முனைவர் பட்டத்துக்குப் போக நினைத்தால் உதவும்.

முதல் வருஷக் கட்டணத்தில் பாதியை நாங்கள் தருகிறோம், மீதி உன் சம்பளத்தில் கட்டு. போதகரின் பரிந்துரைக் கடிதத்தை நான் கேட்டு வாங்கித் தர வேண்டும் என்றாயே, அது மட்டும் நடக்காது. நீயே போன் பண்ணிக் கேள்.

அன்புடன்,
அப்பா