டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்த பிள்ளைக்கு

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. பெய்ஜிங் தொழிலாளர் உள்விளையாட்டரங்கின் முன்னால், குளிருக்குத் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறாய். கூடவே ஒரு பாட்டு. கேட்டுக்கொண்டே சாய்ந்திருந்தவன் கடைசிப் பகுதியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே யாரோ நாயனம் வாசிக்கிறார்கள்! அடுப்படியிலிருந்து உன் அம்மா, "பக்கத்துத் தெருவில் கல்யாணமா?" என்று கேட்டாள். அதன் பெயர் சுவோனா என்று பிறகு தெரிந்தது. சீவாளி வைத்து ஊதுவதுதான். அந்த ஊர்க் கிராமங்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதானாம்.

பாடிய சீனப் பாடகர் சுய் ஜியானைப் பற்றி அன்றிலிருந்து தேடித் தேடிப் படிக்கிறேன். 1961இல் பிறந்தவர், கொரிய வம்சாவளி. அம்மா நடனக் கலைஞர். அப்பா டிரம்பெட் வாசிப்பவர். இந்த வரி வந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். பிள்ளையும் பதினான்கு வயதில் டிரம்பெட் எடுத்து, இருபது வயதில் பெய்ஜிங் சிம்பொனி இசைக்குழுவில் சேர்ந்துவிட்டார். அந்த மாதிரி அரசு வேலையை அங்கே 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்பார்கள். கீழே விழுந்தாலும் உடையாது.

அந்த வேலையில் இருந்தபடியே கிட்டார் பழகியிருக்கிறார். 1986 மே 9. நூற்றுக்கும் மேற்பட்ட பாடகர்கள் கூடிய நிகழ்ச்சி, நீ நின்ற அதே அரங்கம். பேன்ட்டின் ஒரு காலை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு ஏறி, தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று பாடினார். சீன ராக் இசை அங்கேதான் பிறந்தது என்கிறார்கள். மறு வருடம் இசைக்குழுவை விட்டு வெளியே வந்துவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கு உன் முகம்தான் வந்தது. ப்ளஸ் டூ முடித்த அன்று டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தாய். "கிட்டார் படிக்கப் போகிறேன் அப்பா" என்றாய். முப்பது வருடம் பேண்டு வாத்தியக் குழுவில் ஊதிப் பிழைத்தவன் நான். என்னையே நீ பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எத்தனை மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை! தப்பு என்னுடையது, ராசா.

அந்த மனிதர் பட்டது கொஞ்சமில்லை. 1989இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டுப் போராடிய மாணவர்களுக்காகப் பாடினார். 1990இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு நிதி திரட்ட ஊர் ஊராகப் போனார்; கண்ணில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பாடினார். அதிகாரிகள் பயணத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பல வருடங்களுக்குப் பெய்ஜிங்கில் அவருக்குப் பெரிய மேடையே கிடைக்கவில்லை.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது வேறொன்று. ஓடும் ஒலிப்பதிவுக்கு மேடையில் வாயசைப்பதை எதிர்த்து 2002இல் ஓர் இயக்கமே தொடங்கினார். முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம் வாசித்து உதடு வெடித்த பிறகும், நாலாவது வீட்டு வாசலில் நான் ஊதித்தான் ஆகவேண்டும். அவர் பேசியது என்னைப் போன்றவர்களுக்காக என்றே எடுத்துக்கொள்கிறேன். 2014இல் சீன அரசுத் தொலைக்காட்சியின் புத்தாண்டு நிகழ்ச்சியான வசந்த விழாவுக்கு அழைத்து, அந்த 'ஒன்றுமே இல்லை' பாட்டு வேண்டாம், வேறு பாடுங்கள் என்றார்களாம். அவர் போகவில்லை. 2022இல், ஊரடங்கு நாளில், இணையத்தில் பாடியதை நாலு கோடிப் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள்.

நேற்று ஒரு காணொளி பார்த்தேன். கிட்டாரோடு நிற்கிறவர் நடுவில் டிரம்பெட்டை எடுத்து ஊதுகிறார். தலை நரைத்த வயதிலும் கன்னம் உப்பவில்லை. சின்ன வயதில் பழகிய உதடு. உன் கன்னத்தில் நான் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு ஊதச் சொல்வேனே, நினைவிருக்கிறதா?

இன்று காலையில் உன் பெட்டியைத் திறந்தேன். நடு வால்வு மட்டும் இறுகியிருந்தது. எண்ணெய் விட்டேன், இப்போது லேசாக இறங்கி ஏறுகிறது. பொங்கலுக்கு வரும்போது கிட்டாரையும் எடுத்து வா. பெட்டியை நான் பூட்டவில்லை.

அப்பா