கழற்றாத கீலுக்குக் கட்டணம்: படகுப் பணிமனைக்கு ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், படகுப் பழுதுபார்ப்புப் பணிமனை, லங்காவி

பொருள்: கீல் கசிவுப் பணி செய்யப்படாமலேயே கட்டணம் வசூலித்தது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். என்னுடையது 1984இல் பிரான்சில் கட்டப்பட்ட 35 அடிப் பாய்மரப் படகு. ஃபைபர்கிளாஸ் உடலுக்கு அடியில், படகு கவிழாமல் காக்கும் பாரமான கீல், இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள வார்ப்பிரும்பு, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளில் தொங்குகிறது. அந்தக் கீலை இறக்கி, போல்ட்டுகளைச் சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றி, நீர் புகாமல் அடைக்கும் பசையான சீலன்டைப் புதிதாக வைத்து மறுபடியும் பொருத்தித் தருவதாக எழுதிக் கொடுத்தீர்கள். அதற்காக 14,800 ரிங்கிட் வாங்கினீர்கள். ஆனால் கீலை நீங்கள் இறக்கவே இல்லை.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று நான் உங்களிடம் ஊகமாகச் சொல்லவில்லை. படகின் அடிப்பள்ளத்தில் தேங்கிய நீரை நாவில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. ஆகவே அது மழைநீரும் அல்ல, குடிநீர்த் தொட்டியின் ஒழுகலும் அல்ல. புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தையும், கடல்நீர் வால்வுகள் ஒவ்வொன்றையும் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்தே இருந்தன. பிறகு பள்ளத்தைத் துடைத்துக் காயவைத்து, கீல் நட்டுகளைச் சுற்றிச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினேன். முன்பக்கத்திலிருந்து மூன்றாவது நட்டின் வாஷருக்கடியில் பழுப்பு நிறக் கோடு ஒன்று ஈரமாக ஊறி வந்தது. நங்கூரமிட்டு நிற்கும்போது அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வடகிழக்குப் பருவக்காற்றில் படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடினால் கீல் பக்கவாட்டில் இழுக்க, கசிவு பலமடங்காகும். இதையெல்லாம் படங்களோடு உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

கரையேற்றியபோது உங்கள் மேற்பார்வையாளரும் அருகில்தான் நின்றார். தூக்கும் பட்டைகளில் படகு தொங்கியபோது கீலுக்கும் உடலுக்கும் இடையே முன்முனையில் பிளவு திறந்தது. கட்டைகளின் மேல் இறக்கியதும், படகின் முழு எடையும் கீலின் மீது உட்கார, அது மூடிக்கொண்டது. மூட்டு விட்டுப்போயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா? அவரே தலையசைத்து, கீலை இறக்கியாக வேண்டும் என்றார்.

வேலை முடிந்தது என்று நீங்கள் கடலில் இறக்கிக் கொடுத்த படகில், பினாங்குக்குப் போகும் வழியிலேயே அடிப்பள்ளத்தில் மறுபடியும் உப்புநீர். தொலைபேசியில் கேட்டதற்கு, 'பழைய படகு என்றால் கொஞ்சம் நீர் வரத்தான் செய்யும்' என்று உங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். பழைய படகு என்பதால்தான் உங்களிடம் கொண்டு வந்தேன்.

சுயேச்சையான ஆய்வாளர் ஒருவரை வைத்து, வேறொரு பணிமனையில் படகைக் கரையேற்றினேன். உள்ளே நட்டுகளின் மேல் நீங்கள் வெள்ளை சீலன்டைத் தடித்துப் பூசியிருந்தீர்கள். அதைக் கத்தியால் கீறியதும் துருநிற நீர் வழிந்து ஓடியது. வெளியே பிளவின் மேல் பட்டி வைத்துத் தேய்த்து, சாயமடித்திருந்தீர்கள். அந்தப் பட்டி அதற்குள் கீலின் நீளத்துக்கு மயிரிழையாக வெடித்திருந்தது. நட்டுகளைக் கழற்றிப் படகைத் தூக்கியபோது கீல் பிரியவில்லை. ஆப்பு அடித்துத்தான் பிரிக்க முடிந்தது. உள்ளே இருந்தது கறுத்து இறுகி, காய்ந்து பொடியும் பழைய பூச்சு. புது சீலன்ட் துளியும் இல்லை. மூன்றாவது போல்ட்டைத் திருகி எடுத்தார்கள். 24 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, மூட்டு வரும் இடத்தில் கரையான் தின்ற தூணைப்போல் அரித்து 17 மில்லிமீட்டராகச் சிறுத்திருந்தது. இந்தப் போல்ட்டுகளைச் 'சோதித்து நல்ல நிலையில் உள்ளன' என்றுதான் உங்கள் பில் சொல்கிறது.

பணம் போனதைவிட என்னைக் கொதிக்க வைப்பது உள்ளே நட்டுகளின் மேல் நீங்கள் பூசிய அந்த சீலன்ட்தான். துருப்பிடிக்காத எஃகைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். அது சிதைந்தால் மீண்டும் உருவாக ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கி நின்றால் படலம் அழிந்து, போல்ட்டு உள்ளேயே அரிக்கப்படும். மேலே தெரியும் நட்டு மட்டும் பளபளவென்று இருக்கும். வெளியே பிளவு திறந்திருக்க, உள்வாயை மட்டும் அடைத்தால் நீர் நுழைவது நிற்காது. நுழைந்த நீர் போல்ட்டைச் சுற்றித் தேங்கும், படகுக்காரன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கசிவாவது என்னை எச்சரித்துக்கொண்டிருந்தது. அந்த எச்சரிக்கையையும் அடைத்துவிட்டு, பத்திரமாகப் போய்வாருங்கள் என்று அனுப்பி வைத்தீர்கள்.

கீல் கழன்றால் என்ன ஆகும் என்பது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. 2014 மே மாதம் ஆண்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பிய சீக்கி ரஃபிக்கி என்ற படகு அட்லாண்டிக் நடுவே கீலை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். உயிர்காப்புப் படகை எடுக்கக்கூட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. முன்பு தரைதட்டியதும் பிறகு செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பொருந்தும் இடத்தை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு எழுதியது. என் படகில் என் மனைவியும் மகளும் வருகிறார்கள்.

ஆகவே, வாங்கிய 14,800 ரிங்கிட்டையும், ஆய்வாளர் கட்டணத்தையும், இரண்டாம் முறை கரையேற்றிய செலவையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். கீல் இறக்கப்படவில்லை என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இதே வேலைக்கு நீங்கள் பில் போட்ட மற்ற படகுகளின் உரிமையாளர்களுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். இதில் மட்டும் எந்தச் சமரசத்துக்கும் நான் தயாராக இல்லை. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 உங்களைக் கட்டாயப்படுத்துகிறது. பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். அரித்த போல்ட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதையும் அங்கே கொண்டு வருவேன்.

இணைப்பு: உங்கள் மதிப்பீடு, பில், ஆய்வறிக்கை, படங்கள்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர், பினாங்கு