56 உறைகளுக்கு நன்றி

பள்ளிக் குடும்பத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மதியம் தேர்வு முடிவு வந்தது. இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு, கவலையில்லாமல் விழித்திருந்த ஒரு ராத்திரி. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தள்ளிப்போட்டால் நிதானம் வந்துவிடும், நிதானம் வந்தால் சம்பிரதாயமான நாலு வரியோடு முடித்துவிடுவேன்.

நவம்பரில் எங்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். மறுபடி அதைச் சொல்ல எனக்கும் தெம்பில்லை, கேட்க உங்களுக்கும் இருக்காது. இறுதி ஆண்டில் 58 பள்ளி நாட்கள் என் மகள் வகுப்பில் இல்லை. பிறகு வந்தாள், எழுதினாள், தேறிவிட்டாள். அவ்வளவுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்களின் வரிசை பெரிது. வருகைப் பதிவு குறைந்ததால் வந்த அத்தனை விண்ணப்பங்களையும் தானே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிட்ட அலுவலக ஊழியர். சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்த வேதியியல் ஆசிரியை. கணக்கு வழக்கு கேட்காமல் பணம் சேர்த்துக் கொடுத்த அம்மாக்கள், முன்னாள் மாணவியர். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. மறைக்கல்வி நேரத்தில் என் மகள் நீதிபோதனை வகுப்புக்குப் போகிறவள். ஆனாலும் கன்னியர் மடத்தில் மாலைச் செபத்தில் தினமும் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். வயதான சிஸ்டர் ஒருவருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லையாம். தப்பாகச் சொன்னால் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துவிடுமே என்று ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டாராம்.

கூடைப்பந்து அணிப் பெண்கள் பள்ளிகளுக்கிடையேயான இறுதி ஆட்டத்தை முடித்துவிட்டு, வியர்வையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வென்ற கோப்பையை என் மகளின் தலைமாட்டில் வைத்துவிட்டு, "ஒரு ராத்திரி இங்கேயே இருக்கட்டும் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விளையாட்டு ஆசிரியைக்கு இது தெரியாது என்றால், இப்போது தெரிந்துகொள்ளட்டும். கோப்பையில் ஒரு கீறல்கூட இல்லை.

பாடகர் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலரான புனித செசிலியா திருநாள். அன்றைய நிகழ்ச்சிக்காக என் மகள் இரண்டு மாதம் பயிற்சி எடுத்திருந்தாள். அவள் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விடலாம் என்று சில பெண்கள் கேட்டார்களாம். சிஸ்டர் மறுத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அங்கே நிறுத்தினார். அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால் சிஸ்டர் செய்ததுதான் சரி. காலியாக விட்டிருந்தால், இனி இல்லாதவர்களுக்கு விடுகிற இடம் மாதிரி இருந்திருக்கும். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் நன்றாகப் பாடினாளாம்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பில் சொன்ன உறைகளை அனுப்பியவள் என் மகளின் வகுப்புப் பெண் ஒருத்தி. தன் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். ஜன்னலோரம் உட்காருகிறவள் என்று மட்டும் சொல்கிறேன். வகுப்பில் இருப்பவர்களுக்கு அது போதும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் பெயர் எங்கள் வீட்டில் தினமும் அடிபடும். என் மகள் மார்க் சொன்னதும் நான் கேட்கிற அடுத்த கேள்வி, "அவ எத்தனை?" ஒன்றாவது இடமும் இரண்டாவது இடமும் இந்த இரண்டு பேருக்குள்தான் மாறி மாறிப் போகும். எட்டாம் வகுப்பில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்து என் மகளிடம் நோட்டுக் கேட்டாள். "தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடு" என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

மகள் வகுப்புக்குப் போகாத மூன்றாம் நாள் மாலை, பள்ளிப் பேருந்து ஓட்டுநர் எங்கள் வாசலில் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நீல நிறத்தில், கார்பன் தாளில் எடுத்த பிரதிகள். அன்றைய ஆறு பாடவேளைக்கும் குறிப்புகள். மறுநாளும் உறை வந்தது. அதற்கு மறுநாளும்.

இந்தக் காலத்தில் போனில் படம் எடுத்து அனுப்பினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக்குள் போன் கொண்டுவரக் கூடாது. அப்படியே வந்திருந்தாலும், மகளைத் திரை பார்க்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது எப்படியோ அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கார்பன் தாள் என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மெழுகும் நிறமும் கலந்த ஒரு மெல்லிய பூச்சு. மேலே அழுத்தினால் அது கீழே இருக்கும் தாளில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அழுத்த வேண்டும். கையெழுத்துக்குப் பேர்போன பெண் அவள், மைப் பேனாவில்தான் எழுதுவாள். மைப் பேனாவில் அழுத்தினால் நிப் விரிந்துவிடும். அதனால் அதை வீட்டில் வைத்துவிட்டு, பந்துமுனைப் பேனாவுக்கு மாறியிருக்கிறாள். "உன் எழுத்து ஏன் இப்படி ஆகிவிட்டது?" என்று இரண்டு ஆசிரியைகள் திட்டியிருக்கிறார்கள். காரணம் சொல்லாமல் வாங்கிக்கட்டிக்கொண்டாள் என்று வகுப்பாசிரியை பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாடக் குறிப்பு மட்டும் வந்திருந்தால், நல்ல பெண் என்று நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஓரத்தில் எழுதியிருந்தாளே, அதைச் சொல்லாமல் எப்படி?

"இந்த இடத்தில் புறா உள்ளே வந்தது. சிஸ்டர் பாடத்தை நிறுத்தவில்லை. புறாவும் போகவில்லை."

"இது முக்கியம் என்று மிஸ் 3 முறை சொன்னார். போன வருஷமும் சொன்னாராம். வரவில்லையாம்."

"12 மணி. மூவேளைச் செப மணி. எழுந்து நின்றோம். உன் நாற்காலியில் பை விழாமல் இருக்க நான் பிடித்துக்கொண்டேன்."

அப்புறம் ஒரு நாள், எந்த விளக்கமும் இல்லாமல், "மேரி வார்டுக்கு எலுமிச்சை. எனக்குக் கார்பன்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள்தான் படுத்தபடியே சொன்னாள். ஏழு வருடமாகப் பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் வராந்தாவில் நான் தாண்டிப் போகிற படம்தான் மேரி வார்டு. இங்கிலாந்தில் 1585-இல் பிறந்தவர். துறவுப் பெண்கள் மதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், வெளியே போய்ப் பெண் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று 1609-இல் ஒரு சபையைத் தொடங்கினார். 1631-இல் திருத்தந்தையே அந்தச் சபையைக் கலைக்க உத்தரவிட்டார். இவரைத் திருச்சபைக்கு எதிரானவர் என்று சொல்லி மியூனிக்கில் ஒரு கன்னியர் மடத்தில் பூட்டி வைத்தார்கள். அங்கிருந்து, பொட்டலம் கட்டுகிற தாளில் எலுமிச்சைச் சாற்றால் தன் தோழியருக்குக் கடிதம் எழுதினார். காய்ந்தால் வெறும் தாள். நெருப்பில் காட்டினால் எழுத்து தெரியும். அவரைச் சபையின் நிறுவனர் என்று சொல்லிக்கொள்ள 1909-இல்தான் அனுமதி கிடைத்தது.

வரும் காலத்தில் பெண்கள் நிறையச் செய்வார்கள் என்று 1617-இலேயே அவர் தன் தோழியரிடம் பேசியது அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே தங்க எழுத்தில் முதலிடம் பெற்றவர்களின் பலகை. நான் ஏழு வருடமும் இரண்டையும் சேர்த்தே படித்திருக்கிறேன். நிறையச் செய்வது என்றால் அந்தப் பலகையில் ஏறுவது என்றுதான் எனக்குப் பட்டிருக்கிறது.

ஜனவரி 23 அவருடைய பிறந்தநாள். பள்ளியில் கொண்டாட்டம். கணக்கு ஆசிரியை அன்றைக்குப் பொருத்தமாக ஒரு பிறந்தநாள் கணக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருந்தால், இரண்டு பேருக்காவது ஒரே நாளில் பிறந்தநாள் வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்கும்? விடை 23 பேர். அன்று வந்த உறையில், கணக்குக்குக் கீழே ஓரத்தில் இப்படி இருந்தது: "வருஷத்துக்கு 365 நாள் இருக்கும்போது 23 பேர் எப்படிப் போதும்? எனக்குப் புரியவில்லை. புரிந்தால் நாளை எழுதுகிறேன்."

அதுவரை மகள் அந்தத் தாள்களைப் படிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஓரத்தில் இருப்பதை மட்டும் என்னைப் படித்துக் காட்டச் சொல்வாள். பாடம் அப்படியே கட்டிலுக்கடியில் அடுக்கிக் கிடந்தது. தேர்வு எழுதப் போவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள், எனக்கும் அது தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று அந்த வரியைப் படித்ததும் நிறுத்தச் சொன்னாள். "அவளுக்குப் புரியலையா?" என்று கேட்டாள். மறுபடி படிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, பென்சில் இருக்கா?"

வீடு முழுக்கத் தேடினேன். பென்சில் கிடைக்கவில்லை. என் கண்மை பென்சிலைக் கொடுத்தேன். உறையின் பின்புறம் பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்: "ஆளை எண்ணாதே, ஜோடியை எண்ணு. 23 பேருக்குள் 253 ஜோடி."

மறுநாள் காலை அந்த உறை அதே பேருந்தில் திரும்பிப் போனது. சாயங்காலம் வந்த பதில் ஒரே வார்த்தை: "அட!" அதற்குப் பிறகு உறை இரண்டு பக்கமும் போய் வந்தது. கட்டிலுக்கடியில் கிடந்த தாள்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின.

பிப்ரவரியில் மகள் வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு, நான் அந்தப் பெண்ணைப் பள்ளி வாசலில் பிடித்தேன். நன்றி சொல்வதற்கு முன்னால் எட்டாம் வகுப்பு நோட்டு விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு பல தடவை குழறியது. அவள் நிதானமாகக் கேட்டாள்.

"தெரியும் ஆன்ட்டி. அந்த நோட்டை மறுநாளே அவ பையில பாத்தேன்."

"தெரிஞ்சுமாம்மா இத்தனையும் பண்ணினே?"

"அந்த வாரத்தை இன்னொருத்திகிட்ட வாங்கி நானே உக்காந்து எழுதினேன். கை ரொம்ப வலிச்சுது. அதான் இவளுக்குக் கார்பன்ல போட்டேன்."

அதற்கு மேல் பேச அவளுக்கு நேரமில்லை. பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்து நான் அழுததைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

அவளிடம் கோபம் இருந்ததா, அதைத் தாண்டி வந்தாளா, அல்லது அப்படியெல்லாம் யோசிக்கவே இல்லையா, எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் அந்த 58 நாளையும் கணக்கில் வைத்திருப்பேன். அவள் பேசியதைப் பார்த்தால், கை வலிக்கும் என்று தெரிந்திருந்தது, வலிக்காமல் இருக்க ஒரு வழியும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் என்று படுகிறது. அவளை இப்படி வளர்த்த பெற்றோரை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. இதைப் படித்தால், உங்களை ஒரு நாள் வந்து பார்க்க எனக்கு அனுமதி கொடுங்கள்.

நேற்று முடிவு வந்ததும், பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. "அவ எத்தனை?" என்று கேட்டுவிட்டேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எதுக்குக் கேக்குறே?"

"சந்தோஷப்படத்தான்டி" என்றேன். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு அது முதல் முறையாக உண்மையான பதில்.

அந்தப் பெண் பள்ளியில் முதலிடம். என் மகள் பதினொன்றாவது. முதலிடக்காரியின் பெயர் இந்த வருடம் பலகையில் ஏறும்போது முன்வரிசையில் நின்று கை தட்டப்போவது நான்தான். எனக்கு முன்னால் அவளுடைய அம்மா நிற்க வேண்டும், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. கார்பன் தாள் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. நாலைந்து எழுதுபொருள் கடை ஏறி இறங்கி, 100 தாள் உள்ள ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பாசிரியையிடம் கொடுக்கிறேன், அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள் மிஸ். எந்த வகுப்பில் எந்தப் பெண் நீண்ட நாள் வராமல் போனாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தீர்ந்தால் சொல்லுங்கள், அடுத்த பெட்டி என் பொறுப்பு. ஆனால் அது பிரிக்கப்படாமல் அங்கேயே தூசி படிந்து கிடந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

இப்படிக்கு,
பேருந்து வரும் நேரத்துக்கு இன்னும் வாசலைப் பார்க்கிற ஓர் அம்மா