எங்கள் ஊர்க் குழந்தைகளின் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறையிலும் சமூக நலத் துறையிலும் குழந்தைகள் கணக்கைக் கையில் வைத்திருக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். ஒரே மடலை இரண்டு துறைக்கும் எழுதுவது வழக்கமா என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் தடுப்பூசிக் கணக்கு உங்களில் ஒருவரிடமும் எடைக் கணக்கு இன்னொருவரிடமும் இருப்பதால் எனக்கு வேறு வழியில்லை.

எங்கள் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டக் குழுவில் இருக்கிறேன். ஆண்டுதோறும் திட்டம் போட வேண்டும், அதற்கான ஒன்பது தலைப்புகளில் நலமான ஊராட்சியும் உண்டு, குழந்தை நேய ஊராட்சியும் உண்டு. சரி என்று உட்கார்ந்தால் எங்களிடம் ஒரு எண்கூட இருக்காது. அதனால் அங்கன்வாடிக்கு வர்ணம், சுற்றுச்சுவர் என்று எழுதி முடித்துவிடுவோம். சுவரை நாங்களே நாடா வைத்து அளந்துவிடலாம், அவ்வளவுதான் காரணம். இந்த முறை அப்படி விடக்கூடாது என்று தேடக் கிளம்பினேன்.

முதலில் கிடைத்தது தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் ரத்தசோகை உள்ளவர்கள் 57.4 விழுக்காடு, முந்தைய சுற்றில் இது 50.7. பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனையில் நடக்கிற மாநிலத்தில் இது ஏறியிருக்கிறது என்பதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எங்கள் மாவட்டத்தைத் தேடினால், இல்லை. அந்த ஆய்வு 2017 மார்ச்சில் இருந்த மாவட்டங்களைத்தான் கணக்கில் எடுத்தது, அப்போது நாம் 32. பிறகு பிரிந்த தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறுக்கும் தாய் மாவட்டத்தின் எண்தான், எங்களுடையது அதில் ஒன்று. அந்த எண்ணும் மாநிலம் முழுக்க 28 ஆயிரம் வீடுகளுக்குக் கொஞ்சம் குறைவாகப் பார்த்து எடுத்தது, மாவட்டத்துக்கு வகுத்தால் 870 வீடு வரும். ஆய்வைக் குறை சொல்லவில்லை, மாநிலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அது நல்ல கருவி. ஆனால் மாவட்டச் சராசரியை வைத்து ஒரு ஊருக்குத் திட்டம் போடுவது, அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக் குடம் நிறைந்திருக்கிறது என்று சொல்வது மாதிரி.

மக்கள்தொகைக் கணக்கோ 2011-ஓடு நிற்கிறது. அன்று ஆறு வயதாக இருந்தவர்கள் ஓட்டே போட்டுவிட்டார்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். பார்த்தேன், அங்கேதான் பெரிய சிக்கல். பதிவு என்பது சம்பவம் நடந்த இடத்தில் நடக்கும். எங்கள் பெண்கள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறார்கள், பிரசவம் நகரத்து மருத்துவமனையில் நடக்கிறது, ஆகவே எங்கள் ஊர்ப் பதிவேட்டில் குழந்தை பிறப்பதே அபூர்வம். இறப்பும் அப்படித்தான். எடை குறைந்து பிறந்த சிசுவை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள், காப்பாற்ற முடியாமல் போனால் அது அந்த நகரத்தின் எண்ணிக்கையில் சேரும். தாளில் பார்த்தால் எங்கள் ஊர் சொர்க்கம், பெரிய மருத்துவமனை இருக்கிற நகரம் ஆபத்தான இடம். இதை அப்படியே வைத்து அடுத்த வசதியை எங்கே கொண்டுவருவது என்று யாராவது முடிவெடுத்தால் என்ன ஆகும்?

இத்தனைக்கும் சரியான கணக்கு இல்லாமல் இல்லை. கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பதியும் அரசின் இணையப் பதிவேடான பிக்மியில் பதியாமல் இங்கே யாரும் பிள்ளை பெற முடியாது, பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள், தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் அதில் உண்டு. பிறந்த எடை, போட்ட ஊசி, விட்ட ஊசி எல்லாம் நர்ஸம்மாவுக்குத் தெரியும். அங்கன்வாடி டீச்சர் 2021-லிருந்து போஷன் டிராக்கர் செயலியில் எடையும் உயரமும் ஏற்றுகிறார், மாடிப்படியில் நின்றால்தான் சிக்னல் வரும் என்பது வேறு கதை. இருவரிடமும் கேட்டேன். வாயால் சொன்னார்கள், எழுதித் தர மேலே கேட்க வேண்டுமாம். சொன்ன இரண்டு கணக்குக்கும் நடுவில் பதினாறு குழந்தைகள் வித்தியாசம். உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்த்தோம். சிலர் தனியார் எல்கேஜிக்குப் போகிறவர்கள், சிலர் அம்மாவோடு பாட்டி வீட்டில், நான்கு பேர் செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்தவர்கள், அவர்கள் எந்தப் பட்டியலிலும் முழுதாக இல்லை. அரை மணி நேர வேலை. இதை ஏன் இதுவரை யாரும் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை, அவர்கள் இருவரும் ஏற்கெனவே ஒரே குழந்தையை இரண்டு இடத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவும் போட்டேன். இணையதளத்தில் பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. இணையதளத்தில் மாவட்ட அளவுதான் இருக்கிறது. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கேட்காமலே வெளியிட்டு மக்கள் மனு போடும் தேவையைக் குறையுங்கள் என்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தாள், தாயின் நிரந்தர முகவரி எந்த ஊரோ அந்த ஊர்க் கணக்கில். எத்தனை பிறப்பு, அதில் இரண்டரை கிலோவுக்குக் கீழே எத்தனை, ஊசி விட்டுப்போனது எத்தனை, எடை குறைந்த குழந்தைகள் எத்தனை, தற்காலிகமாக வந்து தங்கியவர்கள் எத்தனை. பெயர், ஆதார், செல்பேசி எண் எதுவும் வேண்டாம். சின்ன ஊரில் ஒரே ஒரு குழந்தை என்று எழுதினாலே அது யார் என்று தெரிந்துவிடும், அதனால் ஐந்துக்குக் கீழே இருந்தால் ஐந்துக்குக் குறைவு என்று மட்டும் போடுங்கள்.

எனக்கு மிகவும் வேண்டியது இன்னொரு எண். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் குழந்தை நலப் பரிசோதனைக் குழு, காது கேட்கவில்லை, நடை தாமதம், இதயத்தில் ஓட்டை என்று சந்தேகப்பட்டு மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறது. அனுப்பியது எத்தனை, போய்ச் சேர்ந்தது எத்தனை? இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்களுக்குப் பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும்தான் தடை என்றால் அதற்கு ஊராட்சியில் வழி பார்க்கலாம். சுற்றுச்சுவரைவிட மலிவு.

அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் முதல் தாள் வந்தால் திட்டத்தில் சேர்த்துவிடுவோம். அச்சடித்து அங்கன்வாடிச் சுவரில் ஒட்டும் செலவு எங்களுடையது, தலைவரிடம் பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
திட்டக் குழுவில் ஒருவன்