வெள்ளிக் காலணியா, மாணிக்கக் காலணியா? - செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் பேசினார்கள், கையிருப்பு எவ்வளவு என்று வரிசையாக வாசித்துவிட்டு உட்காருவதுதான் வழக்கம். இந்த முறை அதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மாதம் ஒரு கூட்டம் என்று வைத்திருந்தோம், ஒன்றைத் தவிர எல்லாம் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மிச்ச நேரம் முழுவதும் இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு: மாயக் கதைப் புத்தகங்கள் சினிமாவாகவும் டிவி தொடராகவும் வானொலி நாடகமாகவும் ஆனபிறகு, காலம் போகப் போக எது தங்குகிறது?

இதைத் தலைப்பாக வைத்தபோது, கடைசியில் புத்தகம் பெரிதா படம் பெரிதா என்ற பழைய சண்டையில்தான் போய் நிற்கும் என்று சிலர் சொன்னார்கள். முதல் இரண்டு கூட்டம் அப்படித்தான் போனது, மறுக்கவில்லை. நாமே ஒரு குரல் நாடகம் செய்து பார்க்கலாம் என்று இறங்கிய பிறகுதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

நாம் எடுத்தது ஓஸ் மந்திரவாதிக் கதை. 1900இல் வந்த புத்தகம், காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கதையின் நாயகியான சிறுமி டோரத்தியின் வீடு சூனியக்காரி மேல் விழுவதிலிருந்து அவள் மஞ்சள் கல் சாலையில் நடக்கத் தொடங்குவது வரை எழுதித் தரும்படி இளைய உறுப்பினர் ஒருவரிடம் சொன்னோம். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்து எழுதியவர் அவர். முதல் ஒத்திகையில் டோரத்தி போட்டுக்கொள்ளும் காலணியை ‘மாணிக்கக் காலணி’ என்று வாசித்தார்கள், எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர்தான் விரலைப் பக்கத்தில் வைத்தபடியே, “அம்மா, இதில் வெள்ளி என்றல்லவா போட்டிருக்கிறது?” என்றார். எழுதியவர் எழுந்து வந்து பார்த்தார். வெள்ளிதான். கண் வெள்ளியைப் பார்த்திருக்கிறது, கை மாணிக்கம் என்று எழுதியிருக்கிறது, கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் உறைக்கவில்லை.

அந்தச் சிவப்பு 1939இல் வந்த படத்தின் வேலை. டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, படத்தை எடுத்த எம்ஜிஎம் நிறுவனம் வெள்ளியைச் சிவப்பாக மாற்றியது. 1956இல் அந்தப் படம் முதல் முறை அமெரிக்க டிவியில் வந்தது, 1959இலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒளிபரப்பானது, பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து பார்த்து வளர்ந்தார்கள். வெள்ளி எங்கே நினைவில் நிற்கும்? புத்தகம் பொதுச் சொத்தாகிவிட்டாலும் சிவப்புக் காலணி படத்தின் சொத்து, அதனால்தான் 1985இல் டிஸ்னி இன்னொரு ஓஸ் படம் எடுத்தபோது சிவப்பைப் பயன்படுத்த எம்ஜிஎம்முக்குப் பணம் கொடுக்க வேண்டி வந்தது. படத்தில் அணிந்த காலணிகளில் ஒரு ஜோடி 2005இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்ட் பெயரில் உள்ள அருங்காட்சியகத்திலிருந்து திருடு போய், 2018இல் மீட்கப்பட்டு, 2024 டிசம்பரில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, கட்டணம் வேறு தனி. மூலக் கதையில் இல்லவே இல்லாத ஒரு பொருளுக்கு இத்தனை மதிப்பு.

அப்புறம் நாடகத்துக்கு எதை வைத்துக்கொள்வது என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். முடிவைச் சொல்லித் தந்தது புத்தகமே. டோரத்தி நடக்கும்போது வெள்ளிக் காலணி அந்தக் கெட்டியான சாலையில் கிணுகிணுவென்று ஒலித்தது என்று அதில் ஒரு வரி வருகிறது. வெள்ளிக்குச் சத்தம் இருக்கிறது! மாணிக்கத்துக்கு நிறம் மட்டும்தான், கண்ணுக்கு அது போதும், காதுக்கு என்ன செய்யும்? நம் உறுப்பினர் ஒருவர் சாவிக்கொத்தைத் துணியில் பாதி சுற்றி, மேசை விளிம்பில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். நான் கண்ணை மூடிக் கேட்டேன், ஒரு சிறுமி நடந்து போனாள். எனக்கு இந்த ஆண்டின் மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

அதிலிருந்து வானொலி பக்கம் போனோம், ஆண்டின் பாதி அங்கேயே கழிந்தது. டோல்கியன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்றதும் இன்று எல்லோருக்கும் 2001 முதல் 2003 வரை வந்த பீட்டர் ஜாக்சன் படங்கள்தான் ஞாபகம் வரும், மூன்றாவது படம் 11 ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அதற்கு முன்பே 1981இல் பிபிசி வானொலி அரை மணி நேர நாடகங்களாக, 26 பகுதியாக அதைக் கொடுத்திருந்தது. பிரையன் சிப்லியும் மைக்கேல் பேக்வெல்லும் நாடகமாக்கியது. அதில் நாயகன் ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்த இயன் ஹோம் இருபது ஆண்டு கழித்து ஜாக்சன் படத்தில் ஃப்ரோடோவின் உறவுக்காரப் பெரியவர் பில்போவாக வந்தார். 1978இல் ரால்ஃப் பக்‌ஷி எடுத்த கார்ட்டூன் படத்தில் ‘கொல்லம்’ என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த பீட்டர் வுட்தார்ப், வானொலியிலும் அதே பாத்திரம் ஆனார். தழுவல்கள் ஒன்றையொன்று அழிப்பதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் முந்தையது பிந்தையதற்குக் குரலைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறது. டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஜாக்சன் படங்களில் ஆளே கிடையாது, ஆனால் 1991இல் லெனின்கிராட் தொலைக்காட்சி சொற்பச் செலவில் எடுத்த நாடகத்தில் இருக்கிறார். தொலைந்துபோனதாகவே நினைத்திருந்த அந்த நாடகம் 2021இல் இணையத்தில் வந்தது. கூட்டத்தில் அதைப் பார்த்தபோது ஒட்டுவேலைக் காட்சிகளைக் கண்டு முதலில் சலசலப்பு இருந்தது, கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். கதை பிடித்துவிட்டது.

ஒரு கூட்டத்தில் மட்டும் எனக்குக் கோபம் வந்தது, அதையும் பதிவு செய்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ என்ற மாயக் கதைகளின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அந்த உலகத்தில் பெரும்பாலானோர் வெள்ளைத் தோலர்கள் அல்ல. அவர் யோசித்து, வேண்டுமென்றே அப்படி எழுதினார். 2004இல் வந்த டிவி தொடரில் கெட்டாக ஒரு வெள்ளைக்கார நடிகர். லெ குவின் அதைக் கண்டித்துக் கட்டுரையே எழுதினார். 2015இல் பிபிசி அதே கதைகளை வானொலியில் தந்தது. வானொலியில் தோலின் நிறம் சொல்லில் இருக்கிறது, சொல்லை மாற்றாதவரை நிறமும் மாறாது. முகத்தை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டால் புத்தகத்தைத் திரும்ப எடுக்கும்போதும் அந்த முகம்தான் வந்து நிற்கிறது, காலணியின் நிறத்தில் நடந்தது இங்கே ஒரு மனிதனின் நிறத்தில் நடந்தது. இதை வெறும் நடிகர் தேர்வு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. ஜெர்மன் எழுத்தாளர் மிஹாயேல் எண்டே, தன் ‘முடிவில்லாக் கதை’யை வைத்து 1984இல் மற்றவர்கள் எடுத்த படத்திலிருந்து தன் பெயரையே எடுக்கச் சொன்னார். அவர் மனவருத்தமும் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடிப் போனவர்கள் நம் வட்டத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஹாரி பாட்டர் கூட்டம் நன்றாக நடந்தது, விளக்குமாற்றில் பறக்கும் ஆட்டத்தை 2005இல் ஒரு அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தரையில் ஓடி ஆடத் தொடங்கி, இப்போது குவாட்பால் என்ற பெயரில் அது தனி விளையாட்டாக இருப்பதைப் பற்றி இளையவர்கள் பேசினார்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸ் கூட்டம்தான் நடக்காமல் போனது. அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறோம்.

சரி, வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். நம் நாடகத்தின் முழுப் பதிவு நம்மிடம் இல்லை. எல்லோரும் ஒரே மூச்சில் பேசி முடித்து, கை தட்டி, வீட்டுக்குப் போனபிறகுதான் கோப்பு சேமிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. பதிவுக்குப் பொறுப்பாக இருந்தவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கு உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. இரண்டு நாள் கழித்து, மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தன் பேத்திக்குப் போட்டுக்காட்டலாம் என்று போனில் பதிவு செய்து வைத்திருந்ததாகச் சொன்னார். நாற்காலி இழுக்கும் சத்தம், தலைவரின் இருமல் எல்லாம் அதில் இருக்கிறது. சாவிக்கொத்தும் இருக்கிறது.

அதைக் கேட்டபோது எனக்கு 1968 ஞாபகம்தான் வந்தது. பிபிசி அந்த ஆண்டு டோல்கியனின் ‘ஹாபிட்’ கதையை எட்டுப் பகுதி வானொலி நாடகமாக ஒலிபரப்பியது. மூல நாடாக்கள் பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. இன்று நாம் அதைக் கேட்க முடிகிறது என்றால், யாரோ நேயர் வீட்டிலேயே ஒலிபரப்பைப் பதிவு செய்ததால்தான். 1955, 56இல் முதல் முறை வானொலியில் வந்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாடகத்துக்கு அப்படி ஒரு நேயர் கிடைக்கவில்லை. அதன் எழுத்துப் பிரதி மட்டும் பிபிசி காப்பகத்தில் கிடைத்திருக்கிறது, குரல்கள் போனது போனதுதான்.

ஆகவே செயற்குழு சார்பில் இரண்டு கோரிக்கை. ஒன்று, அந்த அம்மாவின் போன் பதிவை இன்று எல்லோரும் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், செயலாளரிடம் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். இரண்டு, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய கேசட் பெட்டி இருந்தால், வானொலியில் வந்த நாடகம், கதை எதைப் பதிவு செய்திருந்தாலும், எழுத்து அழிந்துபோன கேசட்டாக இருந்தாலும், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஓடும் நிலையில் ஒரு கேசட் பிளேயர் கிடைத்திருக்கிறது, தலைப்பகுதியைத் துடைத்துச் சரிபார்த்து வைத்திருக்கிறோம். நாடா சிக்கிக்கொண்டால் பிரித்தெடுக்கத் தெரிந்தவர் ஒருவரும் அன்று உடன் இருப்பார்.