மூட்டுவாதம் சின்னப் பிள்ளைகளுக்கும் வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் மூட்டுவலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முழங்கால் தேய்மானம், உடல் எடை, நடைப்பயிற்சி என்று பயனுள்ள செய்திகள் நிறைய இருந்தன. ஆனால் பால்பல் விழாத பிள்ளைக்கும் மூட்டுவாதம் வரும் என்று ஒரு வரிகூட இல்லை. என் மகளுக்கு நான்கு வயதில் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டு அழற்சியை ஜே.ஐ.ஏ. (ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்) என்கிறார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. தயிர் கொடுத்ததால் வரவில்லை, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டியதாலும் வரவில்லை. விசாரிக்க வருகிறவர்கள் முதலில் தாயிடம் கேட்பது "என்ன கொடுத்தே?" என்றுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பல பிள்ளைகள் வலிக்கிறது என்று சொல்வதே இல்லை. காலையில் எழுந்ததும் நொண்டும், தூக்கச் சொல்லும், தரையில் உட்கார்ந்தால் எழத் தயங்கும். கொஞ்ச நேரம் போனால் ஓடி விளையாடும். பார்க்கிறவர்களுக்கு அது பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிப்பதுபோலத் தெரியும். "வளர்ற பிள்ளைக்கு வர்ற வலி" என்று நாம் சொல்லும் வலி இப்படி இருக்காது. அது சாயங்காலமோ ராத்திரியோ, பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். வீக்கம் இருக்காது, விடிந்தால் போய்விடும். காலையில் விறைப்பும் மூட்டில் வீக்கமும் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த குழப்பம் ரத்தப் பரிசோதனை. பெரியவர்களின் மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற சோதனை இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நெகட்டிவ்தான். அதை வைத்து நோய் இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. ஏ.எஸ்.ஓ. டைட்டர் என்ற இன்னொரு ரத்தச் சோதனையில் அளவு அதிகமாக இருந்தால், சமீபத்தில் தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றியிருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்த ஓர் எண்ணைப் பார்த்து, அந்தக் கிருமி தொற்றியபின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவுசெய்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. ருமாட்டிக் காய்ச்சலில் வலி மூட்டுக்கு மூட்டு தாவும், சில வாரங்களில் அடங்கிவிடும். ஒரே முழங்கால் மாதக்கணக்கில் வீங்கி நிற்பது அதன் குணமல்ல. இதய வால்வைக் காக்க அந்த ஊசி கட்டாயம் தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே யாரும் தாமாக நிறுத்திவிடாமல், வாதநோய் நிபுணரிடம் காட்டிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கண்ணைப் பற்றித்தான். இந்த நோயில், அதிலும் சிறு வயதில் ஓரிரு மூட்டில் மட்டும் தொடங்கி, ஏ.என்.ஏ. என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவாக உள்ள பிள்ளைகளுக்கு, கண்ணுக்குள் யுவைட்டிஸ் என்ற அழற்சி வரலாம். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது, பிள்ளையும் ஒன்றும் சொல்லாது. தெரியும்போது கண்புரையோ கண்ணழுத்தமோ வந்திருக்கலாம், பார்வையே போகவும் கூடும். கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்தால்தான் ஆரம்பத்திலேயே பிடிக்க முடியும். கண் அழற்சி முழங்காலைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கால் சரியாகிவிட்டது என்று கண் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். எங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மருந்து இருக்கிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து புற்றுநோய்க்கும் கொடுப்பது என்று கேள்விப்பட்டுப் பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. மூட்டுக்குக் கொடுக்கும் அளவு மிகக் குறைவு. ஆனால் அது வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் கொடுக்கும் மருந்து, தவறிப்போய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலையும் ரத்த அணுக்களையும் இடையிடையே சோதிக்க வேண்டும். அப்புறம், பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்குக் காலை வழிபாட்டில் நெடுநேரம் நிற்பதிலிருந்து விலக்கும், உட்கார ஒரு நாற்காலியும் கிடைத்தால் பெரிய உதவி.

குழந்தைகளுக்கான வாதநோய் நிபுணர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கண் பரிசோதனை பற்றித் தனியாகக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி