பதினோரு இடத்தில் துடித்தது

பாளையங்கோட்டை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பா,

உன் கதை வந்து சேர்ந்தது. செல்போனில் படிக்க என் கண் ஒத்துழைக்காது என்று தெரிந்து அச்செடுத்துத் தபாலில் அனுப்பினாயே, நல்ல வேலை செய்தாய். பழைய பழக்கம், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முதல் தடவை கதையாகப் படித்தேன். நன்றாக இருக்கிறது. அதைப் பற்றி உங்கம்மா தனியாக எழுதுவாள், கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டாள். இரண்டாம் தடவை புரூஃப் பார்க்கிறவனாகப் படித்தேன். பதினான்கு பக்கத்தில் பதினோரு இடத்தில் 'துடித்தது' வருகிறது. ஏழு இடத்தில் இதயம், இரண்டு இடத்தில் உதடு, ஒரு இடத்தில் கண், ஒரு இடத்தில் பல்லியின் வால்.

பல்லி வாலைத் தொடாதே. அது அப்படியே இருக்கட்டும். மற்றதைப் பேசுவோம்.

துடி என்றால் உடுக்கை மாதிரியான சின்னப் பறை. பாலை நிலத்துக்கு உரிய பறை அது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். புறநானூற்றில் நான்கு குடிகளைச் சொல்லும் பாட்டு துடியனைத்தான் முதலில் வைக்கிறது. சொல்லைக் கேட்டதுமே இறுக்கிக் கட்டின தோலில் விரல் விழுகிற சத்தம் வருகிறதா இல்லையா? அதனால்தான் அது சாதாரண இடத்தில் உட்கார மறுக்கிறது. கரையில் போட்ட மீன் துடிக்கும். பிள்ளைக்கு ஜுரம் என்றால் தாய் துடித்துப் போவாள். கோபக்காரனுக்கு மீசை துடிக்கும். நம் ஊர்ப்பக்கம் 'துடியான சாமி' என்றால் கூப்பிட்டதும் வருகிற, கொஞ்சம் பயந்து நடக்க வேண்டிய சாமி. உன் கதாநாயகியோ பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் 'இதயம் துடிக்க' உட்காருகிறாள். அவளை உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் போல இருக்கிறது எனக்கு.

கண் துடித்த இடத்துக்கு வருகிறேன். இந்த ஒன்றை இளங்கோவடிகள் செய்தது போல இன்னொருவர் செய்து நான் பார்த்ததில்லை. சிலப்பதிகாரத்தில் இந்திர விழவு முடிகிற இடம். கண்ணகியின் கருங்கண்ணும் மாதவியின் செங்கண்ணும் நீர் உகுக்கின்றன. அப்புறம் ஒரே வரி: 'எண்ணுமுறை இடத்தினும் வலத்தினும் துடித்தன.' முதலில் சொன்னவளுக்கு இடக்கண், அடுத்துச் சொன்னவளுக்கு வலக்கண். பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது, வலக்கண் துடித்தால் கெட்டது என்பது ஆச்சி உனக்கும் சொன்னதுதான். கோவலன் ஒருத்தியிடம் திரும்பப் போகிறான், இன்னொருத்தியை விட்டுப் போகப் போகிறான். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரே வினைச்சொல்லைத்தான் செலவழித்திருக்கிறார். 'எண்ணுமுறை' என்று வரிசையை மட்டும் சொல்லிவிட்டு, நன்மை எது, தீமை எது என்று ஒரு வார்த்தை விளக்கவில்லை. நீ கண் துடித்ததை எழுதிவிட்டு, 'ஏதோ நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது' என்று அடுத்த வரியில் போட்டிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிட்டேன். கோபப்படாதே.

இனி இதயம். திருக்குறளில் நெஞ்சோடு பேசுவதற்கென்றே இரண்டு அதிகாரம் இருக்கிறது, 125 ஒன்று, 130 ஒன்று. இருபது குறளையும் நேற்று ராத்திரி எடுத்து மறுபடி பார்த்தேன். அந்த நெஞ்சு ஏங்குகிறது, பொய்க் கோபம் கொள்கிறது, விட்டுப் போனவர் பின்னால் ஓடுகிறது, கிடைக்காவிட்டாலும் அஞ்சுகிறது, கிடைத்தாலும் பிரிவை நினைத்து அஞ்சுகிறது. தனியே இருந்து நினைத்தால் 'என்னைத் தினிய இருந்ததென் நெஞ்சு' என்கிறாள் தலைவி, தின்பதற்கென்றே கூட இருந்ததாம். இத்தனை பாடு படுத்துகிற நெஞ்சு ஒரு தடவைகூடத் துடிக்கவில்லை. துடிக்க வைக்காமலே இவ்வளவும் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டில் நாம் பேசுவதைக் கவனி. 'திக்கென்றது' என்றால் ஒரே அடி, விஷயம் காதில் விழுந்த நொடி. 'திக்திக்கென்று இருந்தது' என்றால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாய். ஒரு திக்கைக் கூடுதலாகப் போட்டதும் நேரம் நீண்டுவிட்டது பார்த்தாயா? திக்திக்கைப் பிரித்தாலும் பொருள் நிற்கிறது, ஆகவே அது இரட்டைக்கிளவியே இல்லை என்று இலக்கண வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். படபட அப்படிப் பிரியாது. அது சிறகின் சத்தம், நெஞ்சுக்கூட்டுக்குள் புறா மாட்டிக்கொண்டால் அப்படித்தான் அடிக்கும். நகச்சுற்று வந்த விரலுக்கு இது எதுவுமே பொருந்தாது, அதற்கு 'விண் விண்' என்று தெறிப்பதுதான். அந்த விண்ணில் நாடியும் வலியும் ஒன்றாக வந்துவிடுகின்றன, வேறு விளக்கம் வேண்டாம். உன் கதையில் தலைவலிக்காரர் ஒருவர் வருகிறாரே, அவருக்கு 'நெற்றிப்பொட்டு துடிப்பதுபோல் கடுமையான வலி' எதற்கு? விண்விண்ணென்று தெறிக்கிறது என்று அவரையே சொல்ல விடு.

நம் தெருமுனையில் இருந்த வைத்தியர் உனக்கு ஞாபகம் இருக்காது. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். 'நாடி துடிக்கிறது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'நடக்குது' என்பார். சித்த மருத்துவப் பாட்டும் அப்படித்தான் சொல்கிறது. வாதம் அன்னம், கோழி, மயில் போல நடக்குமாம். பித்தம் ஆமை, அட்டை போல. கபம் தவளை, பாம்பு போல. தவளை எப்படிப் போகும்? ஒரு தத்து, சும்மா இருக்கும், இன்னொரு தத்து. விரல் நுனியில் பட்ட ஒன்றைச் சொல்ல ஊரில் திரிகிற பிராணிகளை எல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள். மிருதங்கக்காரர்களும் திஸ்ர நடை, கண்ட நடை என்றுதான் சொல்கிறார்கள், மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாக நடப்பது. தமிழில் தாளம் நெடுங்காலமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒன்பதாம் பக்கத்தில் ஆஸ்பத்திரி வராந்தா. 'அவள் இதயம் வேகவேகமாகத் துடித்தது.' இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. போன வருஷம் உங்கம்மாவை ஐ.சி.யூ.வில் வைத்திருந்த ராத்திரி முழுக்க நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டதா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. இருபது வருஷம் டிரெடில் அச்சு மெஷினோடு இருந்த காது, அந்த டக்கை எண்ண ஆரம்பித்துவிட்டது. நூறு வரும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். கதவு திறந்து நர்ஸ் வெளியே வரும்போது மட்டும் எண்ணிக்கை தப்பிப்போகும். நர்ஸ் என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனதும் மறுபடி ஒன்று, இரண்டு. விடியற்காலம் நான்கு மணிக்கு யாரோ வந்து அந்த விசிறியை நிறுத்தினார்கள். அப்போதுதான் பயந்தேன். வேண்டுமானால் இதை எடுத்துக்கொள், உன் வராந்தாவிலும் விசிறி இருக்கும்தானே.

குழந்தை வருகிற பக்கத்தில் 'சின்னஞ்சிறு இதயம் துடித்தது' என்று எழுதியிருக்கிறாய். கைக்குழந்தையின் இதயத்தை யார் பார்த்தது? உச்சிக்குழியைப் பார். உனக்கு மூன்று மாதம் இருக்கும். ஆச்சி உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி உச்சியில் எண்ணெய் வைத்துவிட்டு, பிடி என்று என் மடியில் தந்தாள். எலும்பு இன்னும் கூடாத அந்த இடத்தில் தோல் மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, எண்ணெய் மினுமினுப்பில் அது நன்றாகத் தெரிந்தது. நீ தூங்கிவிட்டாய். நான் முக்கால் மணி நேரம் காலை அசைக்கவில்லை. மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் கடைசியில் உங்கம்மாதான் வந்து தூக்கினாள். அங்கே 'துடித்தது' போட்டால் நான் பென்சிலை எடுக்க மாட்டேன்.

திருத்திய பிரதியை நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். கூடவே உங்கம்மா முறுக்கு வைத்திருக்கிறாள், எண்ணெய் காகிதத்தில் இறங்காமல் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் ஏழாம் பக்கத்தில் கறை இருந்தால் அது அவள் பொறுப்பு.

அப்பா